பதினாறாம் தேதி மட்டும் ஏன் கூட்டம்?

கேள்வி: ஓசூரில் சிப்காட் பக்கம் 21 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடைக்கு ஒரு புறம் லைன் வீடுகள். மறுபுறம் நான்கு வருஷத்துக்கு முன் வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, 220 வீடு. ஊர் வளர்ந்திருக்கிறது, கம்பெனிகள் கூடியிருக்கின்றன. ஆனால் என் வியாபாரம் மாதம் ஆறரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கு இறங்கிவிட்டது. கணக்கு நோட்டில் 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதத்தின் முதல் பத்து நாளும், அப்புறம் 16, 17 தேதிகளும் கூட்டம் வரும். மற்ற நாளில் ஈ ஓட்டுகிறேன். கடைப் பையன் ஒரே வருஷத்தில் மூன்றாவது ஆளும் போய்விட்டான். பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கி, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டாக மாற்றி அடுக்குமாடிக்காரர்களைப் பிடிக்கலாம் என்கிறான் மகன். ஏழை பணக்காரன் இடைவெளி கூடியதால்தான் வியாபாரம் படுத்துவிட்டது என்று டிவியில் பேசுகிறார்கள். நிஜமாகவே அதற்கும் என் கடைக்கும் சம்பந்தம் உண்டா? நான் என்ன செய்வது?

பதில்: அண்ணாச்சி, வணக்கம். எனக்கும் தென்மாவட்டம்தான், விருதுநகர் பக்கம். அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்துவருகிற ஆடிட்டர் நான். உங்கள் கடிதத்தையும் கூடவே அனுப்பிய கணக்குத் தாளையும் இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட சம்பந்தம் உண்டு. போகிற போக்கில் 16, 17 தேதி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே அது இருக்கிறது.

மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் 15-ஆம் தேதியை ஒட்டி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பெற்றார்கள். உங்கள் லைன் வீடுகளில் நாற்பது பெண்களுக்கு அது வருகிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பதாயிரம் ரூபாய். அதில் ஒரு பங்கு இரண்டே நாளில் உங்கள் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. அதே நாற்பதாயிரம் எதிரே அடுக்குமாடியில் ஒரே ஒருவருக்குச் சம்பள உயர்வாகக் கிடைத்திருந்தால் உங்களுக்கு என்ன வந்திருக்கும்? மியூச்சுவல் ஃபண்டுக்குப் போயிருக்கும், இல்லை கார் தவணைக்குப் போயிருக்கும். அவர் வீட்டில் அதற்காக ஒரு கிலோ துவரம்பருப்பு கூடுதலாக வேகப்போவதில்லை.

இதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தெருவில் நூறு குடும்பம், எல்லோருக்கும் மாதம் 25,000 ரூபாய் வருமானம். மொத்தம் 25 லட்சம். வீட்டுக்கு 7,000 ரூபாய் மளிகை என்றால் தெருவின் மளிகைச் செலவு 7 லட்சம். இப்போது மொத்த வருமானத்தைத் தொடாமல் பங்கை மட்டும் மாற்றுவோம். பத்துக் குடும்பத்துக்குத் தலா ஒன்றரை லட்சம். மீதிப் பத்து லட்சம் தொண்ணூறு குடும்பத்துக்கு, ஆளுக்கு 11,000 சொச்சம். அவர்களால் 4,500 ரூபாய்க்கு மேல் மளிகைக்கு ஒதுக்க முடியாது, அது 4,05,000. பணக்காரப் பத்து வீடும் தாராளமாகவே 12,000 செலவழித்தாலும் 1,20,000தான். ஆக 5,25,000. தெருவுக்குள் வரும் பணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை, ஆனால் மளிகைச் செலவு கால்வாசி போய்விட்டது. அந்த 1,20,000-மும் செயலியில் ஆர்டர் ஆகி பைக்கில் வந்து இறங்கும். கடைக்காரருக்கு மிஞ்சுவது 4,05,000. கணக்குக்காக நான் எடுத்த எண்கள்தான் இவை. ஆனாலும் ஊர் வளர்வதும் உங்கள் கடை தேய்வதும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கிறது என்ற உங்கள் குழப்பத்துக்கு இதுதான் விடை.

நாட்டளவிலும் இப்படித்தான் இருக்கிறது. பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நான்கு பேர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு மேல்தட்டு 1 விழுக்காட்டினருக்குப் போனதாக மதிப்பிடுகிறது. சொத்தில் அவர்கள் பங்கு 40.1 விழுக்காடு. செலவுப் பக்கம் பார்த்தால், 2022-23 அரசுக் கணக்கெடுப்பில் நகரத்தின் உச்ச 5 விழுக்காட்டினர் ஆளுக்கு மாதம் 20,824 ரூபாய் செலவழிக்கிறார்கள். அடித்தட்டு 5 விழுக்காட்டினர் 2,001 ரூபாய். உங்கள் கடையின் இரு பக்கமும் அப்படியே அந்தப் புள்ளிவிவரத்தில் இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே தயாராகும் பொருளை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்லலாம். 2018-19-ல் இந்தியாவில் 2 கோடியே 12 லட்சம் இருசக்கர வண்டிகள் விற்றன. 2021-22-ல் அது ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சத்துக்கு இறங்கியது. 2023-24-ல் 1 கோடியே 80 லட்சம் வரை மீண்டு வந்தும், ஐந்து வருஷத்துக்கு முந்தைய அளவைத் தொடவில்லை. அதே ஐந்து வருஷத்தில் கார் விற்பனை 34 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்ததிலிருந்து 42 லட்சத்துக்கு ஏறியது. கொரோனாவும், பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து வண்டி விலை ஏறியதும் பைக் விற்பனை விழுந்ததற்குக் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கார்களுக்கும் விலை ஏறத்தான் செய்தது. கார் வாங்குகிறவர் சமாளித்தார், பைக் வாங்க நினைத்தவர் தள்ளிப்போட்டார்.

இதில் உங்களை நேரடியாகத் தொடுவது ஓசூரின் வேலை முறை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் எண்பதுகளில் அங்கே வேர்விட்ட நிறுவனங்கள். அன்று சேர்ந்தவர் நிரந்தரத் தொழிலாளி. பி.எஃப்., போனஸ், கேன்டீன், கொஞ்ச வருஷத்தில் ஒரு மனை. மாதத் தொடக்கத்தில் முழு லிஸ்டையும் கொடுத்து, அரிசி மூட்டையிலிருந்து ஊதுபத்தி வரை ஒரே கடையில் வாங்கி, 30 நாளில் பாக்கியைத் தீர்த்த மனிதர் அவர். நீங்கள் கடை போட்டபோது உங்களைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிள்ளைகள் படித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் அடுக்குமாடிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் இப்போது தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். ஒரே கன்வேயரில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிற இருவரில், ஒருவருக்குச் சம்பளம் மற்றவரைவிடப் பாதி. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதும் அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் மூட்டை அரிசி வாங்க மாட்டார். இது எனக்கு மனசுக்குச் சங்கடமான விஷயம். ஒரு ஆடிட்டராகச் சொன்னால், உங்கள் விற்பனைத் தாளிலும் அதே சங்கடம்தான் பதிவாகியிருக்கிறது.

பெரிய கம்பெனிகள் இந்த இரண்டு தட்டுக்கும் தனித்தனியாகச் சரக்கு வைத்திருக்கின்றன. சாஷே ஷாம்பு நம் கடலூர்க்காரர்கள் நாட்டுக்குக் காட்டிய வழி. 1983-ல் அங்கே தொடங்கிய சிக் ஷாம்பு, பாட்டில் வாங்க முடியாதவரும் வாங்கும்படி சில்லறை விலைக்கு இறங்கி வந்துதான் ஜெயித்தது. இன்று ஒரே கம்பெனி மேல்தட்டுக்கு 600 ரூபாய் பாட்டிலும் கீழ்த்தட்டுக்கு இரண்டு ரூபாய் பாக்கெட்டும் போடுகிறது. நடுவில் மெலிந்தால் அவர்களுக்கு இரண்டு ஓரமும் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஒரே கடை, ஒரே கல்லா. எந்தப் பக்கம் திரும்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். உங்கள் மகன் சொல்வதும் ஒரு தேர்வுதான். அதை மரியாதையோடு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய தாளின்படி, மொத்த லாபம் விற்பனையில் 10 விழுக்காடு. ஆறரை லட்சம் விற்றபோது 65,000. வாடகை 14,000, பையன் சம்பளம் 10,000, கரண்ட் 4,000 போக 37,000 கையில் நின்றது. இப்போது ஐந்து லட்சத்துக்கு 50,000. அதே 28,000 செலவு போக 22,000. விற்பனை கால்பங்குக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது, உங்கள் வருமானமோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. நீங்கள் இவ்வளவு கலங்கிப்போனதற்குக் காரணம் இதுதான்.

இந்த நிலையில் 12 லட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய். உங்கள் இன்றைய வருமானத்தைவிட அது அதிகம். ஏசிக்கும் விளக்குக்கும் கரண்ட் பில் பத்தாயிரம் கூடும். ஆக மாதம் 3,60,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றால்தான் இன்று இருக்கும் இடத்திலேயே நிற்பீர்கள். 220 வீடு இருக்கிறதே, வீட்டுக்கு 1,600 ரூபாய்தானே என்று மகன் கேட்பார். எல்லா வீடும் வராது அண்ணாச்சி. மூன்றில் ஒரு வீடு வந்தாலே பெரிய விஷயம், அப்போது வீட்டுக்கு ஐயாயிரம் ஆகிவிடும். மாத லிஸ்டைப் பெரிய கடையில் தள்ளுபடிக்கும், அவசரத்தைச் செயலியிலும் முடித்துக்கொள்கிறவர்கள் அவர்கள். உங்களிடம் வருவது கொத்தமல்லிக்கும் தயிருக்கும். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர், வேறு ஊரில், மனைவி நகையை வைத்து இதே மாற்றத்தைச் செய்தார். திறப்பு விழாவுக்கு அடுக்குமாடி முழுக்க வந்தது. எட்டாம் மாதம் பழைய வாடிக்கையாளர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அரைக் கிலோ ரவை கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. நகை திரும்பி வரவில்லை. அந்தக் கடன் வேண்டாம். மகனிடம் கோபப்படாமல் இந்தக் கணக்கை உட்கார வைத்துக் காட்டுங்கள். கடையை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது சரிதான்.

மாற்ற வேண்டிய முதல் பொருள் கணக்கு நோட்டு. 1,80,000 பாக்கி என்பது உங்கள் மூன்றரை மாத மொத்த லாபத்துக்கும் மேல். அதில் ஆயிரம் ரூபாய் வராமல் போனால், ஈடுகட்டப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அதற்காகக் கடனை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். செயலி தராததும் பெரிய கடை தராததும் அது ஒன்றுதான். அந்த நோட்டை ஆள் பெயர் வரிசையில் எழுதுவதை விட்டு, சம்பளம் வரும் தேதி வரிசையில் எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு 7-லிருந்து 10-க்குள் வரும். கட்டட வேலைக்காரருக்குச் சனிக்கிழமை சாயங்காலம். வீட்டு வேலை செய்யும் அக்காமார்களுக்கு முதல் ஐந்து தேதி. உரிமைத் தொகைக்காரர்களுக்கு 15. கையில் பணம் வரும் நாளில் கேட்டால் கொடுத்துவிடுகிற ஜனம்தான் அது. நான் பார்த்த வரையில், ஏமாற்ற வேண்டும் என்று பாக்கி வைக்கிறவர் மிகக் குறைவு, கேட்கும் நாளில் கையில் இல்லாதவரே அதிகம். வாரம் சம்பளம் வாங்குகிறவரிடம் மாதக் கணக்கு வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம், வாரக் கணக்காக்கிவிடுங்கள்.

பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி மூடுங்கள். அதில் வாரம் நூறோ இருநூறோ, க்யூஆர் அட்டையில் போட்டால்கூடப் போதும் என்று சொல்லுங்கள். புதிய கடனுக்கு ஒரு எல்லை வையுங்கள், அவர்களின் அரை மாத மளிகைக்கு மேல் வேண்டாம். வட்டி கேட்கவே கூடாது. அவர்கள் ஏற்கெனவே குழுக்கடன் தவணையில் மூழ்கியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழமை தவணை வசூல் என்று கவனியுங்கள், அந்தக் கிழமைக்கு முந்தைய நாள் உங்கள் விற்பனை விழுவது தெரியும். கடன் வசூலில் வற்புறுத்தலும் மிரட்டலும் கூடி, 2025-ல் தமிழ்நாடு அரசு அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இடைவெளி கூடிய ஊரில் வறுமை எப்போதும் வெறும் பானையாகத் தெரிவதில்லை, தவணை அட்டையாகவும் தெரிகிறது. அந்த அட்டைக்கும் உங்கள் நோட்டுக்கும் நடுவில்தான் அந்தப் பெண்ணின் பர்ஸ் இருக்கிறது.

அப்புறம் சரக்கு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அதோடு போட்டி போடாதீர்கள், அதற்கு நன்றி சொல்லுங்கள். அரிசிக்குப் போயிருக்க வேண்டிய பணம்தான் சோப்பு, டீத்தூள், பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர் என்று உங்களிடம் வருகிறது. ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட்டுகளில் முடங்கிக் கிடக்கும் பணத்தை எடுத்து, 100 கிராம், 250 கிராமில் போடுங்கள். மிளகாய், மல்லி, உளுந்து, கடலை. வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கொடுங்கள். முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்தால் எடை, விலை, தேதி எல்லாம் முறைப்படி ஒட்டியிருக்க வேண்டும். சமையல் எண்ணெயை மட்டும் உதிரியாக அளந்து விற்காதீர்கள், சட்டப்படி கூடாது. சிறு பொட்டலத்தில் கிலோ விலையைக் கண்டபடி ஏற்றுகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. ஏழைக்கு அதிக விலை, பணக்காரருக்குத் தள்ளுபடி என்ற அநியாயத்தை நீங்கள் செய்யாதீர்கள். கிலோவுக்கும் கால் கிலோவுக்கும் ஒரே விலை என்று பலகை எழுதி வையுங்கள். பக்கத்துத் தெரு ஆட்களும் வருவார்கள்.

லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஓசூரில் இல்லாமல் இருக்காது. அவர்கள் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்கிறவர்கள். எது குறைந்தாலும் கடுகு எண்ணெயும் ஆட்டாவும் ‘சத்து’ என்று அவர்கள் சொல்கிற வறுத்த கடலை மாவும் குறையாது. பத்து லிட்டர் கடுகு எண்ணெய் பாட்டிலில் எடுத்து வைத்துப் பாருங்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். கடைப் பையனுக்குப் பத்தாயிரம் கொடுக்கிறீர்கள், மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற கடைக்காரர்களும் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்கு இப்படிக் கொடுப்பதால்தான் உங்கள் கடையில் வாங்க ஆளில்லை. ஒருவர் கொடுக்கும் சம்பளம் இன்னொருவரின் வியாபாரம். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர் என்று இருந்த நாள் கூலியை, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலராக உயர்த்தினார். தொழிலாளியே காரை வாங்கட்டும் என்று செய்தார் எனச் சொல்வார்கள். அவரை உடனடியாக நெருக்கியது வேறு. சுமார் 14,000 பேர் வேலை செய்கிற இடத்துக்கு 1913 ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது, வந்தவர் நிற்கவில்லை. கூலி உயர்ந்ததும் நின்றார்கள். தொழிலாளி வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் நிபந்தனைகளும் அந்தத் திட்டத்தில் இருந்தன, அது நமக்கு வேண்டாம்.

அடுத்த பையனுக்கு 12,500 கொடுங்கள். கூடுதல் 2,500-க்கு மாதம் 25,000 ரூபாய் விற்பனை கூடினால் போதும். நிலையான ஆள் இருந்தால் நீங்கள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு மொத்தக் கடைக்குப் போக வேண்டியிருக்காது, நோட்டில் யாருக்கு எந்தத் தேதி என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வகைக் கடைக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார ஒரு ஸ்டூலும் போடுங்கள். 2021-லிருந்து கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்பது தமிழ்நாட்டில் சட்டம்.

எல்லாப் பழியையும் இடைவெளி மேல் போட்டுவிட மாட்டேன். செயலிகள் வந்தது தனிக் கதை. உங்கள் கடை முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று மாதம் தேதிவாரியாக விற்பனையை எழுதி எனக்கு அனுப்புங்கள். மாதக் கடைசியில் மட்டும் படுத்தால் அது ஜனங்களின் கையிருப்பு. எல்லா நாளும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தால் வாடிக்கையாளரே வேறு பக்கம் போய்விட்டார்கள் என்று அர்த்தம், அப்போது என் யோசனையில் சிலதை நானே மாற்றிச் சொல்வேன்.

கடிதத்தின் ஓரத்தில் பின்குறிப்பாக ஒன்று எழுதியிருந்தீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்காக அடுத்த தெருவில் விடுதி வருகிறது என்று. எத்தனை பேர், ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்கு பஸ் இறங்குகிறது, சம்பளம் எந்தத் தேதி என்று இந்த வாரமே உங்கள் வீட்டம்மாவைப் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். நாப்கின், சோப்பு, ஊறுகாய், ரஸ்க், போன் ரீசார்ஜ் என்று அவர்களுக்குத் தேவைப்படுவது எல்லாம் ஒரு அலமாரிக்குள் அடங்கிவிடும். பஸ் இரவு பத்தரைக்கு வருகிறது என்றால், கடை விளக்கு பதினொன்று வரை எரியட்டும்.